மாணவியின் விருது விழாவுக்கு டெல்லி போகிறேன், காது ஒத்துழைக்குமா?

கேள்வி: நான் கோத்தகிரியில் வசிக்கிறேன். வயது 67. பள்ளியில் 31 ஆண்டுகள் இசை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றேன். வீட்டில் வயலினும் கற்றுக்கொடுத்தேன். எட்டு வயதில் என்னிடம் வந்து சேர்ந்த தேயிலைத் தோட்டத் தொழிலாளியின் மகள் ஒருத்தி, இந்த ஆண்டு சங்கீத நாடக அகாதெமியின் உஸ்தாத் பிஸ்மில்லா கான் யுவ புரஸ்கார் விருதுக்குத் தேர்வாகியிருக்கிறாள். விழாவுக்கு நான் வந்தே தீர வேண்டும் என்கிறாள். இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. நாள்காட்டியில் தேதியைக் கிழிக்கும்போதெல்லாம் மனம் துள்ளுகிறது. ஆனால் எனக்கு இரண்டு காதும் மந்தம், இடது காது இன்னும் மோசம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் காது மிஷின் வாங்கினேன். அதைப் போட்டுக்கொண்டால் தம்பூரா நீருக்குள்ளிருந்து கேட்பதுபோல் அலைகிறது, வயலின் கீச்சிடுகிறது. ஆகையால் விருந்தாளிகள் வரும்போது மட்டும் போட்டுக்கொள்கிறேன். சென்ற முறை மேட்டுப்பாளையம் இறங்கியபோது இடது காது அடைத்து இரண்டு நாள் திறக்கவில்லை. நான் விமானத்தில் போனதே இல்லை. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். “வீடியோவிலேயே பார்த்துக்கொள்ளலாமே அம்மா” என்கிறான் மகன். போகலாமா? போனால் ஏதாவது காதில் விழுமா? ஆடியோகிராம் நகலை இணைத்திருக்கிறேன்.

பதில்: ஊரில் சின்னவர் பெரியவர் எல்லாரும் உங்களைப் ‘பாட்டு டீச்சர்’ என்றே அழைப்பதாகக் கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருந்தீர்கள். நானும் அப்படியே அழைக்க அனுமதி கொடுங்கள். டீச்சர், தாராளமாகப் போய் வாருங்கள். மகன் அக்கறையால் சொல்கிறார், அதில் குறை காண ஒன்றுமில்லை. ஆனால் உங்கள் செவிக்குறைவு பயணத்தைத் தடுக்கும் அளவில் இல்லை என்பதை ஆடியோகிராம், அதாவது செவித்திறன் சோதனையின் வரைபடம், தெளிவாகக் காட்டுகிறது. அங்கே எவ்வளவு கேட்கும் என்பதுதான் இனிப் பேச வேண்டியது. அதற்கு விடை டெல்லி அரங்கத்தில் இல்லை, உங்கள் வீட்டு அலமாரியில் உறங்கும் அந்தக் கருவியில் இருக்கிறது.

முதலில் ஆடியோகிராமைப் பார்ப்போம். அதில் கோடு கீழே இறங்க இறங்க டெசிபல் எண் கூடும், கேட்கும் திறன் குறையும். தாழ்ந்த அதிர்வெண்களில், அதாவது 250, 500 ஹெர்ட்ஸ் பகுதியில், உங்கள் வலது காதின் கோடு 30 டெசிபலுக்கு அருகில் நிற்கிறது; இது லேசான குறைவு. 2,000 ஹெர்ட்ஸைத் தாண்டியதும் கோடு நம் மலைப்பாதைபோல் சரிந்து, 4,000 ஹெர்ட்ஸில் 65 டெசிபலுக்கு இறங்கிவிடுகிறது. வயதோடு வரும் செவிக்குறைவு பெரும்பாலும் இந்த வடிவில்தான் இருக்கும். எழுத்து இலக்கணத்தை வைத்துச் சொன்னால், உயிரெழுத்துகள் தாழ்ந்த அதிர்வெண்களில் வாழ்கின்றன, அவை உங்களுக்கு நன்றாகவே விழுகின்றன. ச, த, ப, க போன்ற மெய்களின் உரசலும் வெடிப்பும் மேல் அதிர்வெண்களில் இருப்பதால் அவை நழுவிப் போகின்றன. “பேசுவது கேட்கிறது, என்ன பேசினார்கள் என்பது புரியவில்லை” என்று என் அறைக்கு வருகிறவர்கள் சொல்வதன் பொருள் இதுவே. பாட்டுக்கும் வயலினுக்கும் ஆதாரமான ஸ்வரங்களின் அதிர்வெண்களோ பெரும்பாலும் 1,000 ஹெர்ட்ஸுக்குக் கீழே, அதாவது உங்கள் காது இன்னும் நன்றாக வேலை செய்யும் பகுதியில் அமைந்திருக்கின்றன. ஆகவே மேடைப் பேச்சைவிட இசைதான் உங்களுக்கு எளிதாக இருக்க வேண்டும். அப்படி இல்லாமல் போனதற்குக் கருவி அமைக்கப்பட்ட விதமே காரணம் என்று நினைக்கிறேன்.

செவித்துணைக் கருவிகள் பேச்சுக்காகச் செய்யப்பட்டவை. ஏறி இறங்கும் ஒலியைப் பேச்சு என்றும், ஏற்ற இறக்கமின்றி ஒரே சீராக நீளும் ஒலியை மின்விசிறி, மோட்டார் போன்ற இரைச்சல் என்றும் அவை பிரித்துக்கொள்கின்றன. இந்தக் கணக்கில் பார்த்தால் தம்பூராவின் நிலை என்ன ஆகும்? பாட்டுக்கு அடித்தளமான ‘ஸ’, அந்த ஆதார ஷட்ஜமமே, இரைச்சல் என்று முத்திரை குத்தப்பட்டு அமுக்கப்படுகிறது. இதற்கு மேல் இன்னொன்றும் உண்டு. கருவி தன் சொந்த ஒலியையே மீண்டும் வாங்கி ‘கூ’ என்று விசில் அடிப்பதைத் தடுக்க அதற்குள் ஓர் ஏற்பாடு இருக்கிறது. வில்லை நீளமாக இழுத்து மேல் ஸ்தாயியில் ஒரு ஸ்வரத்தைப் பிடித்து நின்றால், அந்தச் சுத்தமான நாதத்தை விசில் என்று தவறாக எண்ணி, அதற்கு எதிரான ஒலியை உண்டாக்கி அடக்கப் பார்க்கிறது. நீங்கள் எழுதிய நீருக்குள் அலையும் தம்பூராவும் கீச்சிடும் வயலினும் பெரும்பாலும் இந்த இரண்டு வேலைகளின் விளைவே. உங்கள் ஸ்வர ஞானம் கெட்டுப்போய்விட்டதோ என்று கடிதத்தில் ஓரிடத்தில் கவலைப்பட்டிருக்கிறீர்களே, அதற்கான அறிகுறி எதையும் நான் காணவில்லை.

ஆகையால் இந்த வாரமே உங்கள் ஆடியாலஜிஸ்டை, அதாவது செவித்திறனைச் சோதித்துக் கருவி பொருத்தும் நிபுணரைப் பார்த்து, கருவியில் இசைக்கென்று தனி நிரல் ஒன்றைப் போட்டுத் தரச் சொல்லுங்கள். அந்த நிரலில் இரைச்சல் குறைப்பு நிறுத்தப்பட வேண்டும். விசில் தடுப்பு நிறுத்தப்படவோ மிகவும் மெதுவாக்கப்படவோ வேண்டும். முன்புறத்து ஒலியை மட்டும் வாங்கும் ஏற்பாடு விலக்கப்பட வேண்டும். மெல்லிய ஒலியையும் பெருத்த ஒலியையும் ஒரே மட்டத்துக்கு இழுக்கும் அமுக்கம் குறைக்கப்பட வேண்டும். பேச்சுக்கான நிரல் இப்போது இருப்பதுபோலவே தனியாக இருக்கட்டும். ஒரு பொத்தானை அழுத்தி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் பழக்கம் ஐந்து வாரத்தில் கைக்கு வந்துவிடும்.

இந்த இடத்தில் மற்ற நோயாளிகளுக்கு இல்லாத ஒரு வசதி உங்களுக்கு இருக்கிறது. “எப்படிக் கேட்கிறது?” என்று கேட்டால் பலரும் “ஏதோ ஒரு மாதிரி இருக்கிறது” என்பார்கள், அதை வைத்துக்கொண்டு கருவியைத் திருத்துவது இருட்டில் ஊசி தேடுவதுதான். நீங்களோ எந்த ஸ்வரத்தில், எந்த ஸ்தாயியில், எவ்வளவு நீட்டினால் கோளாறு வருகிறது என்று துல்லியமாகச் சொல்லக்கூடியவர். வயலினை உறையிலிருந்து எடுங்கள். சுருதி சேர்த்து, கருவியைக் காதில் வைத்துக்கொண்டு, மாயாமாளவகௌளையில் சரளி வரிசையை முதல் காலத்தில் மட்டும் மெதுவாக வாசியுங்கள். ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒரு முழு வில் கொடுங்கள். பிறகு ஜண்டை வரிசையும், மேல்ஸ்தாயி வரிசையும். எங்கே நாதம் நடுங்குகிறது, எங்கே கம்மிப்போகிறது, எங்கே இரட்டையாகக் கேட்கிறது என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். “மேல் ஷட்ஜமம் வரை சுத்தம், மேல் காந்தாரத்தில் நான்கு எண்ணிக்கைக்கு மேல் பிடித்தால் அலைகிறது” என்று ஒரு வரி இருந்தாலே போதும், அதை அதிர்வெண்ணாக மாற்றிக் கருவியில் எங்கே கை வைக்க வேண்டும் என்பதை ஆடியாலஜிஸ்ட் கண்டுகொள்வார். இரண்டு முறையாவது திருத்த வேண்டியிருக்கும். முதல் முறையிலேயே சரியாக அமைந்ததை நான் அதிகம் பார்த்ததில்லை.

கருவியைத் தினமும் போட வேண்டும் என்பதற்கும் காரணம் சொல்லிவிடுகிறேன். இத்தனை ஆண்டுகள் வராத ஒலிகள் திடீரென்று வரும்போது, எதைக் கவனிப்பது எதை விடுவது என்று மூளைக்குத் தெரிவதில்லை. பாத்திரம் கழுவும் சத்தமும் பேச்சும் ஒரே கனத்தோடு வந்து மோதும். அது பழகுவதற்கு வாரங்கள் ஆகும். விருந்தாளி வரும்போது மட்டும் போட்டுக்கொள்கிறவருக்கு ஒவ்வொரு முறையும் முதல் நாளாகவே இருக்கும். நாளைக்குக் காலையில் இரண்டு மணி நேரம், வீட்டுக்குள் மட்டும் போட்டுக்கொள்ளுங்கள். வாரத்துக்கு இரண்டு மணி நேரம் கூட்டிக்கொண்டே போனால், டெல்லி புறப்படும்போது முழு நாளும் அணிய முடியும். கோத்தகிரியின் மூடுபனியும் ஈரமும் இந்தக் கருவிகளுக்கு ஆகாது என்பதால், இரவில் பேட்டரிக் கதவைத் திறந்து, சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் வையுங்கள்.

இனி பயணம். விமானம் என்றதும் உங்களுக்கு வந்திருக்கும் அச்சம் இயல்பானது. ஆனால் மலைக்காரர்களுக்கு அதில் புதிதாக எதுவும் இல்லை என்று நான் அடிக்கடி சொல்வதுண்டு. விமானம் 10,000 மீட்டருக்கு மேல் பறந்தாலும், உள்ளே இருக்கும் காற்றழுத்தம் ஏறத்தாழ 1,800 முதல் 2,400 மீட்டர் உயரத்தில் இருக்கும் அளவுக்குப் பராமரிக்கப்படுகிறது. ஊட்டியின் உயரம் 2,240 மீட்டர். கோத்தகிரி அதைவிடச் சற்றுத் தாழ்வு. ஆக, கோவையில் விமானம் ஏறும் நீங்கள், காதைப் பொறுத்தவரை, மீண்டும் உங்கள் ஊருக்கே ஏறிப்போகிறீர்கள். டெல்லி கடல்மட்டத்திலிருந்து 200 மீட்டருக்குச் சற்று மேலே இருப்பதால், அங்கே இறங்குவது மேட்டுப்பாளையத்துக்கு இறங்குவதற்கு ஒப்பானது. வேறுபாடு வேகத்தில்தான் இருக்கிறது. மலைப்பாதையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நடக்கும் இறக்கம், விமானத்தில் அரை மணிக்குள் முடிந்துவிடும்.

ஏறும்போது காது அடைப்பதில்லை, இறங்கும்போது அடைக்கிறது என்பதை நீங்களே கவனித்திருப்பீர்கள். நடுக்காதையும் மூக்கின் பின்புறத்தையும் இணைக்கும் மெல்லிய குழாய் ஒன்று இருக்கிறது. மேலே போகும்போது நடுக்காதில் மிஞ்சும் காற்று அந்தக் குழாய் வழியாகத் தானாகவே வெளியேறிவிடும். கீழே இறங்கும்போது வெளியிலிருந்து காற்று உள்ளே போக வேண்டும். அப்போது குழாயின் வாய் ஒட்டிக்கொள்ளும், விழுங்கினாலோ கொட்டாவி விட்டாலோதான் திறக்கும். சளி பிடித்திருந்தால் அதுவும் நடக்காது. சென்ற முறை இரண்டு நாள் காது அடைத்தபோது உங்களுக்குச் சளி இருந்ததா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். இருந்திருந்தால் அதுவே காரணம். மூக்கு சுத்தமாக இருந்த நாளிலும் அப்படி அடைத்திருந்தால், புறப்படும் முன் ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் செவிப்பறையைக் காட்டிவிட வேண்டும். நானும் ஒரு முறை, ஜலதோஷத்தோடு குன்னூரிலிருந்து இறங்கும்போது பர்லியாறு வருவதற்குள் தூங்கிவிட்டு, கல்லாறில் காதுக்குள் கத்தி செருகியதுபோல் விழித்தேன். நோயாளிகளுக்கு நாள்தோறும் சொல்வதை வைத்தியனே மறந்த கதை அது.

விமானத்திலும் அப்படித் தூங்கிவிடாதீர்கள். இறங்கப் போகிறோம் என்ற அறிவிப்பு வருவதற்கு முன்பே எழுப்பிவிடும்படி பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவையுங்கள். இறக்கம் தொடங்கியதும் ஒரு மிட்டாயைச் சப்பிக்கொண்டோ, தண்ணீரைச் சிறு சிறு மடக்காகக் குடித்துக்கொண்டோ இருங்கள். காதில் இறுக்கம் தெரியத் தொடங்கியவுடன், மூக்கைப் பிடித்துக்கொண்டு, வாயை மூடி, மிக மெதுவாக மூக்கின் வழியே ஊத முயலுங்கள். மூச்சுப் பிடித்துப் பலமாக ஊதக் கூடாது. மூக்கடைப்புக்குக் கடையில் கிடைக்கும் சொட்டு மருந்தை விமானம் ஏறும் சிலர் வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள். அது ரத்தக் குழாய்களைச் சுருக்கும் மருந்து என்பதால், ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடும் நீங்கள் உங்கள் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொட வேண்டாம். புறப்படும் வாரத்தில் காய்ச்சலோடு சளியும் காதுவலியும் வந்துவிட்டால் விமானத்தை விட்டுவிடுங்கள். ரயிலில் இரண்டு இரவுகள் ஆகும். அதற்கும் இடம் விட்டுப் பயணத்தைத் திட்டமிடுவது நல்லது. மலையிலிருந்து முதல் நாளே இறங்கிக் கோவையில் தங்கிவிடுங்கள். காதுக்கு ஓய்வு கிடைக்கும் என்பது ஒரு காரணம். மழைக்காலத்தில் நம் பாதைகளை நம்பி அதே நாளில் விமானம் பிடிக்கக் கிளம்புவது சரியல்ல என்பது இன்னொன்று. 2009 நவம்பரில் மண்சரிந்து சாலைகள் துண்டானதை நீலகிரியில் இருந்த யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

காதுக் குறும்பியைப் பயணத்துக்குப் பத்து நாள் முன்பே மருத்துவரிடம் எடுத்துக்கொள்ளுங்கள். கருவி போடுகிறவர்களுக்குக் குறும்பி உள்ளே தள்ளப்பட்டு இறுகுவது வழக்கம். பூண்டு போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய், பட்ஸ் குச்சி இரண்டும் வேண்டாம்.

விமான நிலையத்துச் சோதனையில் கருவியைக் கழற்ற வேண்டியதில்லை. காதில் மிஷின் இருக்கிறது என்று தொட்டுக் காட்டினால் போதும். தட்டில் கழற்றி வைத்துவிட்டு மறந்து போனவர்கள் என்னிடம் வந்து அழுதிருக்கிறார்கள். பேட்டரிகளைக் கைப்பையிலேயே வையுங்கள். உங்களுடையது பழுப்பு நிற ஒட்டி கொண்ட 312 வகை என்று எழுதியிருக்கிறீர்கள். அது காற்றை உள்வாங்கி வேலை செய்யும் பேட்டரி. ஒட்டியை உரித்தவுடன் மாட்டிவிடாமல் சில நிமிடங்கள் மேசைமேல் வைத்திருந்து மாட்டினால் முழுத் திறனோடு ஓடும். விழா நாள் காலையில் புதிய பேட்டரி போட்டுவிடுங்கள். இன்னொன்று மணிபர்ஸில் இருக்கட்டும்.

விழாவைப் பற்றியும் சிலவற்றை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் ஏமாற்றம் இருக்காது. ஷெனாய் மேதை பிஸ்மில்லா கான் மறைந்த 2006ஆம் ஆண்டில் அவர் பெயரால் நிறுவப்பட்ட இந்த விருது, 40 வயதுக்கு உட்பட்ட கலைஞர்களுக்கு உரியது. பணமுடிப்பு 25,000 ரூபாய்தான். ஆனால் அந்த வயதில் நாடு முழுவதிலிருந்தும் தேர்வாவது எவ்வளவு பெரியது என்பதை உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. இசையோடு நடனம், நாடகம், நாட்டுப்புற, பழங்குடிக் கலைகள், பொம்மலாட்டம் ஆகியவற்றுக்கும் இதே மேடையில் விருது உண்டு. 2022, 2023 ஆகிய இரண்டு ஆண்டுகளின் விருதுகள் 2024 நவம்பரில் சேர்த்து வழங்கப்பட்டபோது 80 பேருக்கு மேல் பெற்றுக்கொண்டார்கள். ஆக, விழா என்பது பெரும்பாலும் பேச்சும் பெயர் அழைப்பும் கைதட்டலும்தான். அதுவும் இந்தியிலும் ஆங்கிலத்திலும். நல்ல காது உள்ள தமிழர்களுக்கே வடநாட்டு உச்சரிப்பில் நம் பெயர்கள் சட்டென்று பிடிபடுவதில்லை. எனவே காதை மட்டும் நம்பி உட்காராதீர்கள். மேடைக்கு அழைக்கும் வரிசையில் அவள் எத்தனையாவது என்பதை மாணவியிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். அவளுக்கு முன்னால் வருகிறவர் யார், என்ன கலை என்பதும் தெரிந்தால், அவர் எழுந்து நிற்கும்போதே அடுத்தது நம் பெண் என்று நீங்கள் நிமிர்ந்துவிடலாம். உடன் வருகிறவர் உங்கள் வலது பக்கத்தில், நல்ல காதின் அருகில் உட்காரட்டும். பேச்சை எழுத்தாகக் காட்டும் இலவசச் செயலிகள் கைப்பேசியில் இருக்கின்றன, வீட்டில் பழகிப் பாருங்கள். பெரிய அரங்கின் எதிரொலியில் அவை தடுமாறும் என்பதால் முழுதாக நம்ப வேண்டாம். மேடைப் பேச்சுக்குப் பேச்சு நிரல், கைதட்டல் தாங்கவில்லை என்றால் ஒலியைக் குறைத்துக்கொள்ளலாம்.

விருதுக்குப் பின் விருதாளர்களின் நிகழ்ச்சிகள் சில நாள்கள் நடப்பது வழக்கம். உங்கள் மாணவி வாசிக்கும் நாள்வரை தங்குவதற்கு மகனிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். என்னைக் கேட்டால், பதக்கம் வாங்கும் அந்த ஒரு நிமிடத்தைவிட இந்த நாளுக்காகத்தான் ஐந்து வாரத் தயாரிப்பும். ஒலிபெருக்கியின் நேர் எதிரே உட்காராமல், நடுவரிசைக்குச் சற்று முன்னால், உங்கள் வலது காது மேடையைப் பார்க்கும்படி இடப்பக்கத்து இருக்கையாக எடுங்கள். ஒலி 94 டெசிபலை எட்டினால் ஒரு மணி நேரம், 100 டெசிபல் என்றால் கால் மணி நேரம்தான் காதுக்குப் பாதுகாப்பு. தொடை அதிரும் அளவுக்குச் சத்தம் வைத்திருந்தால் தயங்காமல் எழுந்து பின்னால் போய்விடுங்கள். அவள் வில்லை எடுத்துச் சுருதி சரிபார்க்கும்போதே இசை நிரலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள், ஏனென்றால் ராகம் தொடங்கிய பிறகு பொத்தானைத் தேட உங்களுக்கு மனம் வராது.

போகிற வழியிலோ டெல்லியிலோ ஒரு காது திடீரென்று முற்றிலும் மந்தமாகிப்போனாலும், தலைசுற்றலோடு இரைச்சல் வந்தாலும், ஊருக்குத் திரும்பிப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காமல் அன்றே ஒரு காது மருத்துவரிடம் போக வேண்டும். அந்த நிலைக்கு மருந்து முதல் சில நாள்களில் தொடங்கினால்தான் பலன் தரும்.

திரும்பும்போது கோவையில் இறங்குகையில் மீண்டும் மிட்டாயும் தண்ணீரும் வேண்டும். அதற்குப் பிறகு வருவது ஏற்றம் மட்டுமே என்பதால், கோத்தகிரி மலைப்பாதையில் குஞ்சப்பனை தாண்டுவதற்குள் காதில் மிச்சமிருக்கும் காற்று ‘டப்’ என்று தானாகவே வெளியேறிவிடும். தூக்கம் வந்தால் அங்கே நிம்மதியாகத் தூங்கலாம்.